கருத்தரங்கைப் பழவேற்காட்டில் நடத்துங்கள்

சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பழவேற்காடு சுமார் 60 கி.மீ. தூரம். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. காலையில் புறப்பட்டால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஏரிக்கரையில் நிற்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் 1927இல் தத்துவத் துறை தொடங்கியது. 1964இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவோடு, டி.எம்.பி.மகாதேவன் தலைமையில் உயராய்வு மையம் உருவானது. அத்வைதத்திலும் சைவ சித்தாந்தத்திலும் அங்கே நடந்த ஆய்வுகளுக்கு உலகில் மதிப்பு இருந்தது. வெளியிலிருந்து அறிஞர்களை அழைத்து உரையாற்றச் செய்வது அந்த மரபின் ஒரு பகுதி. மாநிலத்தின் மற்ற கல்லூரிகளில் இருக்கும் தத்துவ மன்றங்களும் இதே வழியில்தான் போகின்றன. சிறப்புப் பேச்சாளர் வருகிறார், கட்டுரை வாசிக்கிறார். கேள்விகளுக்குச் சில நிமிடங்கள், பிறகு நன்றியுரை.

அப்படி ஒரு மன்றம் ‘பங்கீட்டு நீதி’ பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜான் ரால்ஸ் பற்றி ஒருவர் பேசுவார். அமர்த்திய சென் அவரிடமிருந்து எங்கே விலகுகிறார் என்று இன்னொருவர் விளக்குவார். அரிஸ்டாட்டில் வருவார், கௌடில்யர் வருவார். நீரையும் மீனையும் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு வாழும் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவரை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. தோன்ற வேண்டும் என்கிறேன். அவரைச் சேப்பாக்கத்துக்கு அழைத்து, குளிரூட்டிய அரங்கில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டால் போதாது. கருத்தரங்கே அவர் ஊருக்குப் போக வேண்டும்.

ஏரியில் நல்ல இடம் யாருக்கு?

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே, ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்டியவருக்கு ஓர் இரவில் கிடைப்பது, உள்ளே தள்ளி வலை கட்டியவருக்குப் பல இரவுகளானாலும் கிடைக்காது.

அந்த நல்ல இடம் யாருக்கு? வலுத்தவருக்கு என்று விட்டால் கத்திக்குத்தில் முடியும். முதலில் வந்தவருக்கு என்றால், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவரே எப்போதும் ஜெயிப்பார். பணம் கொடுப்பவருக்கு என்றால் இரண்டு தலைமுறையில் ஏரி நான்கு முதலாளிகள் கையில் இருக்கும். பழவேற்காட்டுப் பட்டினவர் இந்த மூன்றையும் தள்ளிவிட்டு நான்காவது வழியைக் கைக்கொண்டார்கள். அதுதான் ‘பாடு’. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கு இந்த உரிமை உண்டு. வலை கட்டும் துறைகள் முறைவைத்துச் சுழல்கின்றன. யாருக்கு எது என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது. அம்மனைக் கும்பிடுகிற ஊரும் மாதாவைக் கும்பிடுகிற ஊரும் ஒரே ஒழுங்குக்குள் நிற்கின்றன. அரசு சட்டம் போட்டு இதைக் கொண்டுவரவில்லை. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் போடும், தொழிலை நிறுத்திவைக்கும்.

ரால்ஸ் 1971இல் வெளியிட்ட ‘நீதி குறித்த ஒரு கோட்பாடு’ நூலின் மையத்தில் ஒரு கற்பனை இருக்கிறது. சமூகத்தில் தான் யாராக இருக்கப்போகிறோம் என்று தெரியாமல் ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று விதிகளை வகுத்தால், அந்த விதிகள் நியாயமாக இருக்கும் என்றார். ஏனெனில், மிக மோசமான இடம் தனக்கே வந்துவிடக்கூடும் என்ற அச்சம் எல்லாரிடமும் இருக்கும். சீட்டு எடுப்பதற்கு முன்பே விதிக்கு உடன்படுகிற பாட்டுக்காரர் நிற்பதும் இந்த இடத்தில்தான். எந்தத் துறை தனக்கு விழும் என்று அவருக்குத் தெரியாது. ஹார்வர்டு பேராசிரியர் சிந்தனைப் பரிசோதனையாக அமைத்ததை, இவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தொழிலில் நடத்திவருகிறார்கள். ரால்ஸிடம் இல்லாத ஒன்றும் இவர்களிடம் இருக்கிறது: சுழற்சி. இன்று கெட்ட இடம் விழுந்தவருக்கு நாளை நல்ல இடம் உண்டு. நீதி ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பருவம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. காலத்தின் ஊடாகச் சமன்செய்யப்படும் நீதிக்கும் ஒரே தடவையில் வழங்கப்படும் நீதிக்கும் என்ன வேறுபாடு? தத்துவ மாணவர் ஒருவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி இது.

கௌடில்யர் முதல் அமர்த்திய சென் வரை அநீதிக்கு ஓர் உவமை வழிவழியாக வருகிறது: பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை. அந்த நிலை மனிதர்களுக்குள் வராமல் தடுப்பதே அரசின் வேலை, நீதியின் வேலை என்பார்கள். மீனை அன்றாடம் கையில் பிடிப்பவர்கள் தங்களுக்குள் அந்த நிலை வராமல் தடுக்க என்ன செய்தார்கள் என்பது அந்த விவாதங்களில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

வெளியுலகம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. பொதுவில் இருக்கும் வளம் அழிந்தே தீரும், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு அதிகமாக அள்ளுவார் என்று கேரட் ஹார்டின் 1968இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அரசாங்கங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. எலினார் ஆஸ்ட்ரம் உலகெங்கும் உதாரணங்களைத் திரட்டி அதை மறுத்தார். 1990இல் வந்த அவருடைய நூலில் துருக்கியின் அலன்யா மீனவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பழவேற்காடுதான் கண் முன்னே வந்தது. அங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் தகுதியுள்ள மீனவர்களின் பட்டியல் தயாராகும். வலை போடும் இடங்களுக்குப் பெயரிட்டுச் சீட்டுக் குலுக்குவார்கள். ஜனவரி வரை தினமும் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். பிறகு மே வரை மேற்கே. 1970களில்தான் அவர்கள் இந்த ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆஸ்ட்ரத்துக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. வங்கக் கடலோரத்தில் அதே அறிவு ஊர் நடைமுறையாக நெடுங்காலமாக இருக்கிறது. நம் பாடநூல்களில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் என்ன?

உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. பராந்தக சோழனின் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். குடவோலை நம் ஜனநாயகத்தின் சான்று என்று மேடைதோறும் முழங்குகிறோம். கல்லில் இருக்கும் சீட்டுக்கு இவ்வளவு மரியாதை செய்கிற நாம், பழவேற்காட்டில் உயிரோடு இருக்கும் சீட்டை மீன்வளத் துறையின் கோப்புக்குரிய விஷயமாக மட்டும் பார்க்கிறோம்.

திரைக்கு வெளியே நிற்பவர்கள்

பாட்டைப் போற்றிப் பாடிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் செய்தால் தத்துவத்துக்கு அங்கே வேலையே இல்லை. பாடு யாருக்கு உண்டு என்று கேட்டுப் பாருங்கள். தலைக்கட்டுக்கு உண்டு. தலைக்கட்டு என்பது ஊருக்கு வரி கட்டும் ஆண். விதவைக்கோ மகளுக்கோ அந்த இடம் இல்லை. அந்த ஊர்களில் பிறக்காத மீனவருக்கு இல்லை. கரையோரத்திலேயே குடியிருக்கும் இருளருக்கு இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறி கட்டிக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியைத் தோலால் அறிந்தவர்கள் அவர்கள். ஏரியின் பங்கீட்டில் அவர்களுடைய பெயர் இல்லை. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தையில் விலை ஏறிய பிறகு பாட்டுரிமை இல்லாத பல சமூகத்தவரும் ஏரியில் இறங்கினார்கள். ஊர்களுக்கு இடையே மோதல்கள் வந்தன. ‘உங்கள் நியாயம் உங்களுக்குள் மட்டும்தானே?’ என்று அவர்கள் கேட்டால் அதற்குப் பதில் எளிதல்ல.

இங்கேயும் ரால்ஸ் பக்கத்தில் வந்து நிற்கிறார். அவர் தன் திரைக்குப் பின்னால் நிறுத்தியவர்களைக் குடும்பத் தலைவர்களாகவே கற்பித்தார். குடும்பத்துக்குள் நடக்கும் அநீதி அதனால் கண்ணிலேயே படாமல் போய்விடுகிறது என்று சூசன் மோலர் ஓகின் 1989இல் எழுதிய நூலில் கடுமையாக விமர்சித்தார். அமெரிக்கத் தத்துவஞானியின் குடும்பத் தலைவரும் கோட்டைக்குப்பத்துத் தலைக்கட்டும் ஒரே இடத்தில் பிழைபடுகிறார்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பங்கிடுவோர் யார் என்று முதலில் முடிவாகிவிடுகிறது. அதன் பிறகுதான் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியே எழுகிறது. முதல் முடிவை எவரும் சீட்டுக்கு விடுவதில்லை. உத்திரமேரூரிலும் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயரைத்தான் ஓலையில் எழுதினார்கள்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இங்கே கள ஆய்வு செய்த சாரா கோல்ட்ஹார்ட் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், பாட்டுரிமையோடு வரும் கௌரவமே சிலரைக் கட்டிப்போடுகிறது என்பதைக் காட்டினார். ஏரி மெலிகிறது, மீன் குறைகிறது, ஆனாலும் வேறு தொழிலுக்குப் போக மனம் வருவதில்லை. போனால் வருமானத்தோடு ஊரில் இருக்கும் இடமும் போய்விடும். நல்ல விதி ஒன்று, அது காக்க வந்த மனிதரையே காலம் மாறியபோது சிறைப்படுத்துமானால் அந்த விதியை என்ன செய்வது? மரபு பற்றியும் சுதந்திரம் பற்றியும் வகுப்பறையில் பேசுகிற எவரும் தவிர்க்க முடியாத கேள்வி இது.

1651இல் லெய்டனில் வெளிவந்த ஒரு புத்தகம்

தத்துவ உரையாடல் பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. ஐரோப்பா இந்தியத் தத்துவத்தை நூல்வழி அறிந்த கதையின் முதல் அத்தியாயங்களில் ஒன்று இந்த ஊரில்தான் எழுதப்பட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி இதுவாகவே இருந்தது. 1632 முதல் 1642 வரை ஆபிரகாம் ரோஜேரியஸ் இங்கே பாதிரியாராக இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து, போர்ச்சுகீசிய மொழி வழியாக, சடங்குகளையும் தெய்வங்களையும் வினைப்பயனையும் மறுபிறப்பையும் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் டச்சு மொழிக்குக் கொண்டுபோனார். சமஸ்கிருத நூலொன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியதற்கு அறிஞர்கள் சுட்டும் முதல் சான்று அதுதான். ரோஜேரியஸ் இறந்த பிறகு 1651இல் லெய்டனில் நூல் வெளிவந்தது. 1663இல் ஜெர்மனிலும் 1670இல் பிரெஞ்சிலும் பெயர்ந்தது. ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் பிராமணர்களின் கருத்துகள் என்று எடுத்தாண்டதற்கு ஊற்று பழவேற்காட்டில் இருந்தது.

வெளியூர்ப் பேச்சாளரும் உள்ளூர் அறிஞரும் ஆண்டுக்கணக்கில் நடத்திய கருத்தரங்கு என்றே இதைச் சொல்லலாம். இந்தப் பெருமையை நம்மில் பெரும்பாலோர் அறியாதது வருத்தம் தருகிறது. அதைவிட வருத்தம் தரும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, நூல் லெய்டனுக்குப் போனது. அதிலிருந்து எதுவும் இந்தக் கரைக்குத் திரும்பி வரவில்லை. பத்மநாபனின் சொற்கள் ஐரோப்பாவில் விவாதிக்கப்பட்டபோது அந்த விவாதத்தில் பத்மநாபனுக்கு இடம் இல்லை. இரண்டு, அதே நூற்றாண்டில் இதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பியது. பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் பிள்ளைகளை விற்றவர்களும் அதில் உண்டு. கோட்டைக்குள் பற்றறுத்தல் பற்றிய சுலோகங்களுக்குப் பொருள் தேடிய அந்தக் காலத்தில், கோட்டைக்கு வெளியே மனிதனை மனிதன் விற்றான். கேட்ட கேள்விகள் ஆழமானவை. கேட்காமல் விட்ட கேள்வி அவற்றைவிடப் பெரியது.

இன்றைக்குத் தத்துவ மன்றம் பழவேற்காட்டுக்கு வருமானால் இந்த இரண்டு குறைகளையும் நினைவில் கொண்டு வர வேண்டும். ஏரியை ஆராய வந்தவர்கள் நிறையப் பேர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே.சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியின் உயிரினங்களுக்காக உழைத்தார், மக்களோடு நின்றார். மானிடவியலர் வந்தார்கள், பொருளியலர் வந்தார்கள், பறவை நோக்குவோர் இன்றும் வருகிறார்கள். படிவத்தை நிரப்பிக்கொண்டு போனவர்கள் என்ன எழுதினார்கள் என்பது ஊருக்குத் தெரியவரும் வழிதான் இல்லை.

தமிழகத்தில் வேறு மாதிரியான தத்துவச் சங்கமும் இருந்தது. 1878 முதல் 1888 வரை இயங்கிய சென்னை இலௌகிக சங்கத்தைச் சொல்கிறேன். லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் சங்கத்தின் தாக்கத்தில் தோன்றியது அது. ‘தத்துவ விவேசினி’ என்று தமிழிலும் ‘தி திங்கர்’ என்று ஆங்கிலத்திலும் இதழ்கள் நடத்தினார்கள். பேராசிரியர் வீ.அரசு அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் அந்த வரலாறு மங்கியே போயிருக்கும். அந்த வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் மதச் சடங்குகளை விமர்சித்ததோடு நிற்கவில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் மிராசுதாரர்களுக்கும் பயிரிடும் குடிகளான பாயக்காரிகளுக்கும் நடந்த நில உரிமை வழக்கைப் பற்றியும் எழுதினார். உலகம் எப்படித் தோன்றியது என்று கேட்ட அதே மனிதர், இந்த நிலம் யாருடையது என்றும் கேட்டார். பல்கலைக்கழகத் தத்துவ மன்றங்கள் தங்கள் முன்னோராகக் கொள்ளவேண்டிய ஆள் அவர்.

அதற்கும் வெகு முன்பே, புகாரின் இந்திர விழாவில் பல சமயத்து வாதிகளையும் பட்டிமண்டபத்துக்கு வரும்படி முரசறைந்து அழைக்கும் காட்சி மணிமேகலையில் வருகிறது. கப்பலும் கட்டுமரமும் வந்து நின்ற பட்டினத்தில்தான் அந்த வாதம் நடந்தது. கடற்கரை மக்களுக்குத் தத்துவம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

மூன்று நிமிடப் பேச்சு

பழவேற்காட்டு மக்கள் தங்கள் கருத்தைச் சொல்லக் கிடைக்கும் மேடை இன்றைக்கு ஒன்றுதான்: சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். பக்கத்திலிருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2012இல் இயங்கத் தொடங்கி, 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,111 ஏக்கருக்கு விரிவுபடுத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கருத்துக்கேட்பு 2021 ஜனவரி 22 என்று அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மீண்டும் அறிவித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்து, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டு அறுந்துபோனால் ஏரியே இல்லாமல் போகும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டம் நடந்தாலும் என்ன ஆகும்? வரிசையில் நின்று, ஒலிவாங்கி கைக்கு வந்ததும் சில நிமிடங்களில் ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். ஊர் பிளவுபட்டிருக்கும், காவல்துறை நிற்கும். அங்கே கோபம் பதிவாகும், சிந்தனை பதிவாகாது.

சிந்திக்க வேண்டிய கேள்விகளோ குவிந்து கிடக்கின்றன. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு ஏரியில் பங்கு உண்டா? உண்டென்றால் அந்தப் பிள்ளையின் சார்பில் யார் பேசுவது? இழந்த தொழிலுக்குப் பணம் கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா, பணத்துக்கு மாற்ற முடியாத இழப்பு என்று ஒன்று உண்டா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் கிளம்பியதிலிருந்து, ஏவும் நாள்களில் சுற்றியுள்ள கடலில் தொழிலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை வருகிறது. நாடு பெருமைப்படும் அந்த நாளில் அன்றைய வருமானத்தை இழப்பது குப்பத்து மனிதர். பொது நன்மையின் செலவை எப்போதும் ஒரே சாரார் ஏற்பது நியாயமா என்பதை அவரைவிட யார் கூர்மையாகக் கேட்டுவிட முடியும்?

இதை எதிர்ப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். வயிற்றுக்குப் போராடுபவர்களை உட்காரவைத்துத் தத்துவம் பேசுவது கொடுமை என்பார்கள் சிலர். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கு நள்ளிரவு தாண்டியும் நீள்வதை ஒருமுறை பார்த்தால் அவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். முன்பு நடந்த வழக்கோடு இது பொருந்துமா, விதிவிலக்கு தந்தால் நாளை என்ன ஆகும், செய்தவர் தெரிந்து செய்தாரா என்றெல்லாம் அலசுவது தத்துவ விசாரணையேதான். தத்துவம் கள அரசியலில் இறங்கினால் அதன் நடுநிலை போய்விடும் என்பார்கள் இன்னும் சிலர். துறைமுகம் வேண்டாம் என்று தீர்மானம் போடச் சொல்லவில்லை. கேள்விகளை அவற்றுக்குரிய இடத்தில், பாதிக்கப்படுபவரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்கிறேன். விலகி நின்று சிந்திப்பது ஒரு தகுதிதான். விலகியே இருப்பது தகுதியாகாது.

இனி நடைமுறை. கேம்பிரிட்ஜில் 1878 முதல் நடந்துவரும் அறவியல் மன்றத்தில் 1912 நவம்பரில் விட்கன்ஸ்டைன் ‘தத்துவம் என்றால் என்ன?’ என்று ஒரு கட்டுரை படித்தார். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார். மீதி நேரம் முழுக்க விவாதம். பழவேற்காட்டுக் கருத்தரங்குக்கு இந்த அளவு பொருத்தம். சிறப்பு விருந்தினர் பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். தமிழில் பேச வேண்டும். தமிழ் தெரியாதவர் வந்தால் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே ஊருக்கு அனுப்பி, இரண்டு மூன்று நாள் அங்கே தங்கவைக்க வேண்டும். சுத்துவலை, தலைக்கட்டு, தண்டம் என்று பேச்சு வரும்போது அவர் விழிக்கக் கூடாது.

கூட்டத்துக்கான நேரத்தைப் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்க வேண்டாம். ஓதத்தையும் சந்தையையும் பார்த்து ஊரார் குறிக்கட்டும். மீன் விற்கும் பெண்கள் திரும்பி வந்து, சமையல் முடித்து உட்காரக்கூடிய வேளையாக அது இருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் இடத்தில் வைத்தால் பெண்கள் பின்னால் நின்று கேட்பதோடு சரி. பள்ளிக்கூட வகுப்பறை நல்ல இடம். தொழிலை விட்டுவிட்டு வருபவர்களுக்கு ஒரு நாள் கூலியைக் கணக்கிட்டுத் தர வேண்டும். வெளியூர்ப் பேச்சாளருக்கு விமானக் கட்டணமும் மதிப்பூதியமும் தருகிற பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய தொகையல்ல. பேசியது முழுவதையும் தமிழில் அச்சிட்டு, மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு குப்பத்துக்கும் கொடுத்து, தவறாகப் பதிவானதைத் திருத்தும் உரிமையையும் ஊருக்கே தர வேண்டும். அவர்கள் ஒப்பிய பிறகுதான் ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். ரோஜேரியஸின் நூல் பத்மநாபனிடம் காட்டப்படாமல் போனதுபோல் இன்னொரு முறை நடக்கக் கூடாது.

தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதும் முக்கியம். ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் வருகையால் ஊருக்கு அலுப்புதான் மிஞ்சும். ஆண்டுக்கு நான்கு கூட்டம், ஐந்து ஆண்டுகள் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதி தரட்டும். முதுகலை மாணவர்களில் இரண்டு பேருக்கு ஒரு பருவம் குப்பத்தில் தங்கிப் படிக்க உதவித்தொகை தரட்டும். குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் ஒருவராவது தத்துவத்தைப் பாடமாக எடுத்தால் அவருக்கு முழுக் கட்டணமும் தரட்டும். அந்தப் பிள்ளை நாளைக்குச் சேப்பாக்கத்தில் பாட்டைப் பற்றிப் பாடம் நடத்த வரும்போது, மற்றவர்கள் எழுதிய நூல்களோடு தன் வீட்டில் கேட்டதையும் சேர்த்து நடத்துவார்.

முதல் கூட்டத்துக்கான தலைப்பையும் சொல்லிவிடுகிறேன்: ‘பாட்டில் பெயர் இல்லாதவருக்கு ஏரியில் என்ன உரிமை?’ பறி கட்டி இறால் பிடிக்கும் இருளர் பெண் ஒருவர் முதலில் பேசட்டும். அடுத்து மூன்று ஊர்த் தலைக்கட்டுகளும் பதில் சொல்லட்டும். பிறகு, மீன் விற்கும் பெண்கள், ஏரியை நம்பியிருக்கும் மற்ற ஊர்க்காரர்கள், துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட்ட இளைஞர்கள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் பேசட்டும்.